வரதன் முதலாளியும் பக்கத்து சீட்டும்

ஸ்ரீரங்கத்தில் கார் பட்டறை வைத்திருந்த வரதன் முதலாளி இறந்துவிட்டார் என்று நம் மெக்கானிக்குகள் குழுவில் செய்தி வந்தபோது, நான் துவாக்குடியில் என் ஷெட்டில் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் அஞ்சலிகள் குவிந்துவிட்டன. காதாலேயே இன்ஜினைப் படிப்பார் என்று பாதிப் பேர் எழுதியிருந்தீர்கள். அவரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் காது உண்மைதான், ஒரு காலத்தில். ஏற்றத்தில் இன்ஜின் டிக் டிக்கென்று தட்டினால், தீப்பொறி முந்திக்கொள்கிறதா, பெட்ரோலில் ஆக்டேன் போதவில்லையா என்று சொல்லிவிடுவார். "நிக்கிற வண்டி பொய் சொல்லும்டா, ஏத்தத்துல கேளு" என்பார். ஏற்றத்தில் கேட்க வேண்டுமானால் வண்டிக்குள் உட்கார வேண்டும். கோயில் தெருக்காரர்களின் கார்களில் நான் உட்காரக் கூடாது. தீப்பொறி விழும் நேரத்துக்கு டைமிங் வைப்பது நான், ஓட்டிப் பார்ப்பது அவர்.

கடைசி வருடங்களில் அவருக்குக் காது மங்கிவிட்டது. யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் ஒரு பழைய காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, இழுவை போதவில்லை என்று நான் வைத்த டைமிங்கை இன்னும் முன்னால் தள்ளினார். மறுபடி பட்டறையை ஒட்டிய மேம்பாலத்தில் ஏற்றியபோது, கீழே பட்டறை வாசலில் நின்ற எனக்கே அது தட்டுவது கேட்டது. அப்படியே ஓடினால் பிஸ்டன் போய்விடும். அவரோ திருப்தியாகத் திரும்பி வந்தார்.

"நான் பக்கத்துல உக்காந்து கேக்குறேங்க" என்றேன்.

"சீட் கவர் புதுசுடா."

"துண்டு விரிச்சுக்கிறேங்க."

"துண்டு இல்லடா பிரச்சனை." கோபமே இல்லாமல்தான் சொன்னார். நான் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும்.

சத்தம் கேட்கிறது என்று கார்க்காரர் வந்து நின்றபோது முதலாளி பெட்ரோல்மீது பழியைப் போட்டார். அந்த மனிதரும் ஆக்டேன் கூடிய விலை உயர்ந்த பெட்ரோலாகப் பார்த்து ஊற்றினார். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் பிஸ்டன் ஓட்டையாகி, காரைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"பையன் டைமிங்கைத் தப்பா வச்சுட்டான் சுவாமி" என்றார் முதலாளி, என் முன்னாலேயே. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளை இருந்தது. அன்றைக்கே வேலையிலிருந்து நின்றுவிட்டேன். டைமிங் தெரியாதவன் என்ற பெயர் எனக்கு முன்னால் ஒவ்வொரு பட்டறைக்கும் போய் நின்றது. ஸ்ரீரங்கத்தில் ஒருவரும் வேலை தரவில்லை.

அவருக்கு மாலை போட நான் வரவில்லை. ஏற்றத்தில் கேள் என்று சொன்னாரே, அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். என் ஷெட்டில் டைமிங் வைக்கிறவன்தான் வண்டியை ஓட்டிப் பார்ப்பான். அவன் எந்தத் தெரு என்று கேட்பவர்கள் காரைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.