பத்தடிச் சுவரில் பலகை அடுக்கியபோது

மரவேலையில் அறுப்பதும் இழைப்பதும் பாதிதான். இன்னும் அறுக்காத மரத்தை எங்கே வைப்பது என்பது மீதிப் பாதி. வீட்டிலேயே பட்டறை வைத்து, கட்டிலுக்கடியில் மெல்லிய ரீப்பர்க் கட்டைகளும் கதவுக்குப் பின்னால் பலகையுமாக வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் இயற்பியல் படித்தவள். புதுப்பட்டினத்தில் எங்கள் வாடகை வீட்டின் கார் ஷெட்டில், மாமல்லபுரத்துச் சிலைக் கடைகளுக்கு மரப் பீடம் செய்கிறேன். மூன்று வருடமாக அந்த ஷெட்டில் கார் இல்லை. மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் திடீரென்று ஒன்று வாங்கிவிட்டார். திங்கட்கிழமை காலை வந்து, தரையில் கிடந்த பலகைகளைச் செருப்பு நுனியால் தள்ளிப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை வண்டி வருது. செவுத்துல இன்னா வேணா மாட்டிக்க, தரை அதுக்கு வேணும். முடியலன்னா பட்டறைய வேற எங்கனா பாத்துக்கம்மா.”

வேற எங்கே? அந்த ஷெட் போனால் என் தொழிலும் போச்சு. ஆறு நாளில் சுவரோரம் ஒரு அடுக்குச் சட்டகம் எழுப்பியாக வேண்டும்.

கேட்டது நான், பதில் அப்பாவுக்கு

கடலோர வீட்டுச் சுவர். உப்புக் காற்றில் ஊறிப்போய், போல்ட் இறக்கினால் பூச்சு மணலாகக் கொட்டுகிறது. மரத்தின் எடையை அது தாங்காது. அதனால் நான்கு சட்டங்களைத் தரையில் ஊன்றி, சுவரில் பெயருக்குப் பிடித்து நிறுத்துவது என்று முடிவு செய்தேன். சட்டம் வாங்கச் செங்கல்பட்டு மர டிப்போவுக்குப் போனேன். துணைக்கு அப்பா. அவர் வாழ்நாளில் ஒரு காலண்டர் ஆணிகூட நேராக அடித்ததில்லை.

“காய்ந்த மரமா?” என்று கேட்டேன். டிப்போக்காரர் அப்பாவைப் பார்த்து, “நல்லா காஞ்சது சார்” என்றார். “நடுவில் வெடிப்பு இருக்கிறதே” என்றேன். “அது ஒண்ணும் பண்ணாது சார்” என்றார், மறுபடியும் அப்பாவிடம். அப்பாவும் தலையாட்டினார். வெடிப்பு விழுந்ததை ஒதுக்கி, நான்கைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, வண்டியில் ஏற்றியதும் நான்தான். கிளம்பும்போது அந்த ஆள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “பொண்ணு கூடவே வந்து எவ்ளோ பொறுமையா நிக்குது! குடுத்து வெச்சவரு சார் நீங்க.”

ரசமட்டம்

பலகைகளைத் தாங்க, ஒரு சட்டத்துக்கு மூன்று கைகள் வீதம் பன்னிரண்டு இரும்புக் கைகள் வேண்டும். கை நுனி கொஞ்சம் மேல்நோக்கி இருந்தால்தான் பலகை முன்னால் வழுக்காது. கோணம் குறித்து, படம் வரைந்து, வெல்டிங் கடை அண்ணனிடம் கொடுத்தேன். வியாழக்கிழமை போனால் பன்னிரண்டும் சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி காட்டுவது போல நேராக நின்றன.

“படத்துல கோணலா போட்டுட்ட பாப்பா. காலேஜ் படிச்ச புள்ள, வெளிய தெரிஞ்சா அசிங்கம்ல? நானே ரசமட்டம் வெச்சு சரி பண்ட்டேன்” என்றார், ரொம்பப் பாசமாக. தப்பு இல்லை, வேண்டுமென்றேதான் வரைந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. அவர் மேல் வந்த கோபத்தைவிட என் தொண்டை மேல் வந்த கோபம் பெரிது. வீட்டுக்கு வந்து பன்னிரண்டு ஆப்புகள் சீவி, ஒவ்வொரு கையையும் சட்டத்தோடு பிடிக்கும் தகட்டின் கீழ்ப்பக்கம் பின்னால் செருகி, நுனியை மேலே தூக்கினேன். ஒரு நாள் முழுக்க அதிலேயே போனது. அந்தப் பக்கம் வந்த அண்ணன் தலையை நீட்டிப் பார்த்தார்: “பாத்தியா, நேரா பண்ணதாலதான் எப்டி ஸ்டெடியா கீது!”

சிலைக் கடைக்காரர்

நடுவில் மாமல்லபுரத்திலிருந்து போன். நாலு பிள்ளையாருக்குப் பீடம் பாக்கி. மரம் வைக்க இடம் செய்துகொண்டிருக்கிறேன், திங்கட்கிழமை தருகிறேன் என்றேன். அவருடைய கற்கள் வருடக்கணக்காகக் கடை வாசலில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும். அந்தக் கற்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. “மரம் தான்பாட்டுக்கு ஒரு ஓரமா கெடக்கப் போவுது. அதுக்கு இன்னாத்துக்கும்மா வூடு கட்டினுகீற?”

பன்னிரண்டு கம்பிகள்

சனிக்கிழமை காலை பலகைகளை ஏற்றலாம் என்று போனால், கைகளில் எல்லாம் ஈரப் புடவைகள். தண்ணீர் சொட்டி, நான் பொத்திப் பொத்திக் காயவைத்த தேக்கு ரீப்பரின் மேல் குளம் கட்டியிருந்தது. மாடி ஆன்ட்டி, அதாவது வீட்டுக்காரரின் மனைவி, வாளியோடு நின்றிருந்தார். நான் புடவைகளைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன். “பெரியவங்க, விடு” என்று அம்மா பின்னாலிருந்து முணுமுணுத்தாள். ஆன்ட்டி கடைசிப் புடவையை உதறி விரித்தார். “கொடி அறுந்துட்ச்சு கண்ணு. நீ இன்னும் கட்டைய வெக்கலதானே, சும்மாதானே கீது?”

ஞாயிற்றுக்கிழமை

கார் வந்தது. நீளப் பலகைகள் மேல் கைகளில், ரீப்பர்கள் நடுவில், துண்டுகள் கீழே. என் மேசை அவற்றுக்கு அடியில். வண்டி உரசாமல் உள்ளே நுழைந்தது. அதோடு, பின்புறம் ஆறடித் தரையும் மிச்சம். அங்கேதான் நான் நின்று அறுக்கப்போகிறேன்.

வீட்டுக்காரர் இறங்கி அந்த ஆறடியை இரண்டு முறை காலால் அளந்தார். முகம் மலர்ந்தது. “இவ்ளோ எடம் கீதா! மேல ஒரு பழைய கட்டிலு கீது, மாப்ள பைக்கு வேற. இங்க போட்றலாம். நீ உன் மிஷின வாசல்ல வெச்சிக்க.”

ஆறு நாளாகத் தொண்டையில் நின்றதெல்லாம் ஒரே சொல்லாக வந்தது. “முடியாது.” தெருவில் போன மீன்காரம்மா நின்று திரும்பிப் பார்த்தாள். “காருக்கு இடம் கேட்டீங்க, குடுத்துட்டேன். கட்டிலுக்கு நீங்க கேக்கல. இது நான் நிக்கிற இடம் அங்கிள்.” சொல்லிவிட்டு, அறுப்பு மிஷினை அந்த ஆறடியின் நடுவே இழுத்துப் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன். கட்டில் இன்றுவரை இறங்கவில்லை. மிஷின் இரைச்சலுக்கு மேல் வீட்டுக்காரர் என் அம்மாவிடம் கத்தியது மட்டும் தெளிவாகக் கேட்டது: “இன்னாம்மா, ஒங்க பொண்ணுக்குப் பேச்சு வருமா? மூணு வருசமா ஒரு வார்த்த சொல்லலியே!”

இடம் மிச்சப்படுத்தத் தவிக்கும் சக பட்டறைக்காரர்களே, மரத்தைச் சுவரில் ஏற்றுவது எளிது, ஆனால் காலியான தரையை ஊரில் வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் அதன் நடுவில் போய் நின்றுகொள்ளுங்கள்.