ஒண்ணா, ரெண்டா, ஒரே மாதிரியா

"ஒண்ணு நல்லாருக்கா, ரெண்டு நல்லாருக்கா?" என்று கேட்டபடி சித்தி கண் பரிசோதனைக் கருவியில் கண்ணாடிச் சில்லை மாற்றினார். நாற்காலியில் இருந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். பரீட்சைக்கு வந்தவர் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். முதலில் ஒண்ணு என்றார். பிறகு, இல்லை, ரெண்டு என்றார். கடைசியில் எது சரியான பதில் என்று சித்தியிடமே கேட்டுவிட்டார்.

"சரி தப்புன்னு எதுவும் இல்லைங்க. ஒரே மாதிரி இருந்தா ஒரே மாதிரின்னு சொல்லுங்க. அதுவும் பதில்தான்."

அந்த நேரத்தில்தான் மாமா உள்ளே வந்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் தம்பி. கையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு அலுமினியப் பெட்டி. அதை மூக்குக்கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே வைத்து, "அக்கா, உன் வண்டிக்கு ஒரு சாமான்," என்றார். இக்னிஷன் ஆம்ப்ளிஃபயர், ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் மின்சாரத்தை வலுவாக்கி, பொறியைப் பெரிதாக்கும், அவரே வடிவமைத்து அவரே பற்றவைத்தது. ரோட்டரி இன்ஜின் கார் வைத்திருப்பவர்களின் கிளப்பில் நிறைய பேர் மாட்டிப் பார்த்துவிட்டார்கள், வண்டி புதுசு மாதிரி ஆகிவிட்டது என்கிறார்கள் என்றார்.

"எத விட நல்லாருக்காம்?" சித்தி திரும்பவில்லை.

"முன்னாடி இருந்தத விட."

"முன்னாடின்னா எப்ப?"

"போன வாரம்க்கா."

"போன வாரத்த இன்னைக்கு எப்படிடா கேக்க முடியும்?"

மாமா பதில் சொல்வதற்குள், தனக்கு ரெண்டுதான் நன்றாக இருக்கிறது என்று ஓட்டுநர் தீர்ப்பு சொன்னார்.

மாமா குரலைத் தாழ்த்தினார். சித்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிளப்பில் மற்றவர்களும் வரிசையாக வாங்குவார்கள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மாமா பார்க்கும் வேலையை வருகிற திங்கட்கிழமை விட்டுவிடப் போகிறார். முழுநேரமும் இனி இந்தப் பெட்டிதான். அந்த வேலையை விடாதே என்று அவரிடம் வருடக்கணக்காகச் சொல்லிவந்தவர் சித்தி. ஆனால் அன்று அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "ஞாயித்துக்கிழமை மலை ரோட்டுக்கு வா. பெட்டிக்கு ஒரு சுவிட்ச் வச்சுக் குடு. கண்ணக் கட்டிட்டு ஓட்டிப் பாத்துடலாம்," என்றார்.

பேருந்து ஓட்டுநர் கருவியிலிருந்து முகத்தை எடுத்து அவரைத் திரும்பிப் பார்த்தார்.

சித்தி சொன்னது வேறு. பெட்டி வேலை செய்கிறதா இல்லையா என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். வீட்டிலும் இப்படித்தான். காப்பித்தூள் கடையை மாற்றினால் சித்தப்பாவின் முன் இரண்டு டம்ளர் வரும். எதில் எந்தத் தூள் என்று சித்தி சொல்ல மாட்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் சித்தப்பா ஒரு பதிலைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்: "ரெண்டும் நல்ல சூடா இருக்கு."

சித்தி குள்ளம். காரின் இருக்கையில் ஒரு திண்டு போட்டுத்தான் உட்காருவார். அழுக்கான மூக்குக்கண்ணாடியைப் பார்த்தால் அவருக்குக் கை பரபரக்கும். பேசிக்கொண்டிருப்பவரின் முகத்திலிருந்து அதைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடருவார். நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியரும் இதற்குத் தப்பவில்லை.

இப்படிப்பட்டவர் தரையோடு தரையாகப் பதுங்கியிருக்கும் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இறங்கும்போது, பார்க்கிறவர்கள் யாரோ ஒரு பையனைத்தான் தேடுவார்கள். மற்ற கார்களில் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும். இந்த ரோட்டரி இன்ஜினில் பிஸ்டனே கிடையாது. பக்கங்கள் புடைத்த முக்கோணம் போன்ற இரும்புத் துண்டுகள், அவற்றுக்கென்றே கடைந்த அறைகளுக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். புகைக்குழாயைச் சற்றுப் பெரிதாக்கி, காற்று வடிகட்டியை மாற்றியிருக்கிறார். மற்றபடி வண்டி கம்பெனியிலிருந்து வந்த மேனிக்குத்தான் இருக்கிறது. "பெட்ரோலையும் குடிக்கும், ஆயிலையும் குடிக்கும், பிளக்கையும் தின்னும். பசிக்குதுன்னு மட்டும் வாயத் திறந்து சொல்லாது," என்பார். அது சொல்வதற்கு முன் இவர் பார்த்துப் பார்த்துச் செய்துவிடுவார். அந்த வாரமும் பிளக்குகளை அவரே மாற்றியிருந்தார்.

வண்டியை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார், ஓட்டத் தெரிந்த எனக்கும். சித்தப்பாவுக்கு அதைக் கழுவும் உரிமை மட்டும் உண்டு.

சுவிட்சைப் பிடிக்க என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர் சொன்ன காரணம்: "உன் மூஞ்சியில எதுவுமே எழுதியிருக்காது." அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மாமா பெட்டியைப் பொருத்தி, இருக்கைக்கு அடியில் கம்பியை ஓட்டி, சத்தம் போடாத ஒரு சுவிட்சை என் கைப்பைக்குள் வைத்தார். பிறகு மலையடிவாரத்துப் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டார். ஏறும் பாதையில் நீளமான நேர்ச்சாலை ஒன்று உண்டு. முதல் பாதியில் நான் "ஒண்ணு" என்று சொல்ல வேண்டும், பின் பாதியில் "ரெண்டு". நடுவில் சுவிட்சை மாற்றுவதா வேண்டாமா என்பதை ஒரு நாணயம் முடிவுசெய்யும். நானாக யோசித்துப் போட்டால் அதில் ஒரு ஒழுங்கு வந்துவிடும், அதைத் தான் கண்டுபிடித்துவிடுவேன் என்றார் சித்தி.

அதற்கு முன் அந்த வண்டியில் நான் வேகமாகப் போனதில்லை. கடைத்தெருவுக்குப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். சித்தி அழுத்த அழுத்த முள் ஏறியது. அதிர்வு கூடும் என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். கூடவில்லை. வேகம் கூடக் கூட அந்த இன்ஜின் அமைதியாவது போலிருந்தது. தனித்தனி வெடிப்பாக எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு நீண்ட சுரம் உயர்ந்துகொண்டே போனது. இன்ஜின் தன் சுழற்சி எல்லையைத் தொட்டதும் எச்சரிக்கை மணி ஒலித்தது. சித்தி கியரை மாற்றினார். அந்தக் கை அவசரப்படவே இல்லை. கடையில் சில்லை மாற்றும் அதே கைதான். நாணயம் எங்கே விழுந்தது என்பதை நான் மறந்துவிட்டேன். அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

திரும்பத் திரும்ப ஏறி இறங்கினோம். பெரும்பாலும் "ஒரே மாதிரி" என்றார். சில தடவை "ரெண்டு" என்று அடித்துச் சொன்னார். மேலே, பாறை ஓரம் வண்டியை நிறுத்தியபின், உண்மைக் கணக்கைச் சொன்னேன். அவர் அடித்துச் சொன்ன தடவைகளில் பாதிக்கு நான் சுவிட்சைத் தொடவே இல்லை. சித்தி ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார்.

கீழே வந்தபோது மாமா சுவரிலிருந்து எழுந்து நின்றார். முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ஒண்ணும் தெரியலடா. ரெண்டு பேருக்குமே தெரியல," என்றார் சித்தி.

"ரெண்டு பேரா? இவ சுவிட்ச் போட்டவதான?"

மாமாவுக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் கிளப்பில் சொன்னவர்கள் எல்லாம் பொய்யர்களா என்று கேட்டார். இல்லை, அவர்கள் உணர்ந்தது உண்மையாகத்தான் இருக்கும் என்றார் சித்தி. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவங்களுக்குப் பெட்டி மாட்டும்போது பிளக்க என்ன பண்ணுவ?"

"புதுசு போட்டுத்தான் மாட்டுவேன். பழைய கரிப் பிளக்கோட மாட்டிக் குடுத்தா என் பெட்டிக்குத்தான கெட்ட..."

மாமா அதோடு நிறுத்திக்கொண்டார். வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். வண்டிகளைப் புதுசாக்கியது அந்தப் புது பிளக்குகள்தான், பெட்டி அல்ல. சித்தி அவர் பக்கத்தில் சுவரில் போய் உட்கார்ந்தார். இருக்கிற பெட்ரோலை இருக்கிற பொறியே முழுதாக எரித்துவிட்டால், பெரிய பொறிக்கு எரிக்க என்ன மிச்சம் இருக்கும் என்று பிற்பாடு மாமாவே சொன்னார், யாரும் கேட்காமல்.

திங்கட்கிழமை அவர் லிஃப்ட் கம்பெனிக்கு வழக்கம்போலப் போனார். பெட்டியைக் கைவிட்டுவிடவில்லை. கிளப்பில் ஒருவர் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தைக் கண்டபடி ஏற்றி வைத்திருந்தார். அவருடைய வண்டி உச்ச வேகத்தில் பொறி அணைந்து திக்கும். அதில் மாட்டி, சுவிட்ச் வைத்து, கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள். திக்கல் நின்றது யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. இப்போது அப்படிப்பட்ட வண்டிகளுக்கு மட்டும் செய்து தருகிறார். மற்றவர்களிடம் முதலில் பிளக்கை மாற்றிவிட்டு வரச் சொல்கிறார். சித்தியின் வண்டியில் அந்தப் பெட்டி இன்னமும் இருக்கிறது. கழற்றலாமே என்றால், "தம்பி செஞ்சது, கெடக்கட்டும். கெடுதல் ஒண்ணும் பண்ணல," என்பார்.

பாலத்தருகே மாமா கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். ரெண்டு பேர் என்று சித்தி ஏன் சொன்னார்?

மேலே, பாறை ஓரத்தில், அவர் சிரித்து முடித்தபின் நடந்ததுதான் காரணம். கீழே போகலாம் என்று நான் சொன்னேன். அவர் சாவியைத் திருப்பவில்லை. வெகுதூரத்தில், பாலத்துச் சுவரில், மாமா ஒரு புள்ளியாகத் தெரிந்தார்.

"அவன் வேலைய விட்டுடுவானோன்னு எனக்குப் பயம். எனக்கு எந்தப் பதில் வேணுமோ, அதே பதிலே வந்திருக்கு. அதான் இடிக்குது."

சித்தி கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி என் பக்கம் வந்து, கதவைத் திறந்து, கையை நீட்டினார். அந்தக் கையில் சாவி இருந்தது.

"சுவிட்சையும் காசையும் என்கிட்ட குடு. நீ ஓட்டு," என்றார். "உனக்கு எது வந்தாலும் ஒண்ணுதான். ஆனா என் மூஞ்சிய மட்டும் பாத்துடாத."

நான் இடம் மாறி உட்கார்ந்தேன். திண்டு எனக்கு மிக உயரமாக இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. சித்தி பக்கத்தில் ஏறி, என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கையை உயர்த்தி, தன் முகம் எனக்குத் தெரியாதபடி, பின்பக்கம் காட்டும் சிறு கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.