காப்புக் கட்டிய வாரம்

என் மரப்பெட்டியின் அடியில் ஒரு பழைய புடவைக் கிழிசல் இருக்கிறது. இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளம், சாயம் போன கத்தரிப்பூ நிறம். பேரன்கள் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். போடமாட்டேன்.

அந்தப் புடவையை நான் முதலில் கிழித்தது என் அண்ணனின் பந்தாட்டத்துக்காக. மலாயாவில் பெக்கோக் ஊர்ப் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லாரும் வெறுங்காலில்தான் பந்து ஆடுவார்கள். ஆட்டத்துக்கு முன் கணுக்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொள்வார்கள். பால்வெட்டு முடிந்து வந்ததும் அண்ணனும் என் வீட்டுக்காரரும் நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பட்டை சுற்றிவிடுவார்கள். “இறுக்கமா இருக்கா மச்சான்?” என்று இவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். கல்யாண மாப்பிள்ளை கெட்டான், போங்கள் என்று நான் கேலி பண்ணுவேன்.

ஒருநாள் டவுன் ஆட்களோடு ஆடும்போது எதிராளியின் பூட்ஸ் அண்ணனின் வலது கால்மேல் இறங்கியது. விரல்கள் நசுங்கி, கோணலாகவே கூடின. அதோடு ஆட்டம் போயிற்று. மனிதர் சும்மா இருப்பாரா? கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் தோட்டங்களின் பந்தாட்டக் குழுவுக்குக் காரியதரிசி ஆனார். டவுனுக்குக் குடிபோய், சைக்கிளில் தோட்டம் தோட்டமாக அலைந்தார். பூட்ஸ் இல்லாதவன் திடலில் இறங்கக்கூடாது என்று சட்டம் போடவைத்ததும், துரைமாரை நச்சரித்து ஆட்களுக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். தன் கால் போனதுபோல இன்னொருவன் கால் போகக்கூடாது, அவ்வளவுதான் அவர் எண்ணம். நம் ஆட்கள் திட்டிக்கொண்டே பூட்ஸ் பழகினார்கள்.

ஆனால் டவுனில் இருந்தவருக்கு எங்கள் மாரியம்மன் திருவிழா மறந்துபோயிற்று. கோப்பைக்கான கடைசி ஆட்டத்தைக் காப்புக் கட்டும் வாரத்தில் வைத்துவிட்டார். அந்த வருஷம் என் தலைச்சன் பிள்ளை காய்ச்சலில் கிடந்து பிழைத்திருந்தான். அவனுக்காக இவர் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு மஞ்சள் காப்புக் கட்டியிருந்தார். ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் கையிலும் காப்பு இருந்தது. தீமிதி முடியும்வரை காப்புக் கட்டியவன் செருப்புக்கூடப் போடமாட்டான். பூட்ஸை எங்கே போடுவது?

ஆட்டத்தன்று அவர்கள் பழையபடி கணுக்காலில் பட்டை சுற்றி வந்து நின்றார்கள். மணிக்கட்டுகளைப் பார்த்ததும் அண்ணனின் முகம் வெளுத்தது. ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் குழுத்தலைவரான துரையிடம் ஓடினார். சட்டம் கேட்டதும் நீ, நாள் குறித்ததும் நீ என்று துரை கையை விரித்துவிட்டார். திரும்பி வந்த அண்ணன் இவரிடம் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

“தப்பு எம்மேலதான் மச்சான். ஆனா இன்னைக்கு உங்கள எறக்கிவிட்டா நாளைக்கு எவனும் பூட்ஸ் போடமாட்டான். இன்னொருத்தன் கால் போயிரும்.”

“எம்புள்ளைக்காகக் கட்டின காப்பு இது. நீ எங்களுக்கு ஆளா, தொரைக்கு ஆளா?”

அண்ணன் நடுவரிடம் நொண்டிக்கொண்டே போய், கோப்பையை எதிரணிக்குக் கொடுக்கச் சொன்னார்.

அதன்பிறகு அண்ணன் பேச்சை எடுக்கவே இவர் விடவில்லை. தீமிதி அன்று அண்ணன் வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றாராம். யாரும் முகங்கொடுக்காததால் போய்விட்டாராம். எனக்கு இரண்டு பேர்மேலும் ஆத்திரம். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்த மழைக்காலத்தில் மலேரியா அண்ணனைக் கொண்டுபோயிற்று. உடலை எங்கள் லயத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். இவர்தான் தண்ணீர் மொண்டு குளிப்பாட்டினார். இறந்தவரின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டும், துணி கொண்டுவா என்றார். கையில் அகப்பட்டது அந்தக் கத்தரிப்பூப் புடவைதான். நீளமாகக் கிழித்துக் கொடுத்தேன். இவர் அண்ணனின் வலது காலை எடுத்து மடியில் வைத்தார். அந்தக் கோணல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலைக் கட்டாமல், ஆட்டத்துக்குச் சுற்றுவதுபோலக் கணுக்காலிலிருந்து இழுத்து இழுத்துச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்துவிட்டு, குனிந்து, “இறுக்கமா இருக்கா மச்சான்?” என்று கேட்டார். நான் அழுத அழுகை அடுத்த லயம் வரை கேட்டிருக்கும்.

இன்று என் பேரன்கள் பூட்ஸை மாட்டிக்கொண்டு திடலுக்கு ஓடுகிறார்கள். ஒருவன் காலிலும் கோணல் விரல் இல்லை. அன்று சுற்றியது போக மிஞ்சிய துணிதான் பெட்டியில் இருக்கிறது.