அம்மா பாதியில் விட்ட காற்றுப் பெட்டி

எங்கள் அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் காதில் கேட்பது டிரில் மெஷின் சத்தம்தான். நினைவு மலர்க் கட்டுரையை இப்படித் தொடங்கலாமா என்று தெரியாமல் தம்பியிடம் கேட்டேன். "வேற எப்படித் தொடங்குவ? அம்மா என்ன வீணையா வாசிச்சாங்க?" என்றான். ஆகவே இப்படியே தொடங்குகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலத்தில் பிறந்தார். கணக்கில் பட்டம் பெற்றார். மத்திய அரசுப் பணியில் இருந்த அப்பாவை மணந்து டெல்லிக்கு, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அப்பாவுக்கு வடகிழக்கு மாநிலத்துக்கு மாற்றலானபோது பள்ளி ஆசிரியை வேலை, வீடு, நாங்கள் இருவர் என்று எல்லாமே அம்மாவின் தலையில் விழுந்தன. எங்களுக்குப் படிக்க மேசை இல்லை. செய்து தருவதாகச் சொன்ன தச்சர், கேட்கும்போதெல்லாம் இந்தியில் "கல் பக்கா", நாளைக்கு நிச்சயம் என்று மறுநாளுக்குத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கடைக்குப் போய் ரம்பம் வாங்கி வந்துவிட்டார். அவர் செய்த மேசை ஒரு பக்கமாக ஆடியது. "ஆடுனா என்ன, நிக்குதுல்ல!" என்று கைதட்டிச் சிரித்தார்.

அதன் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. மயூர் விஹார் வீட்டுக்கு வந்ததும் பின்பக்கத்து பால்கனிக்குக் கண்ணாடி போட்டுப் பட்டறை ஆக்கிக்கொண்டார். மடக்குக் கட்டில், செருப்பு அலமாரி, பக்கத்து வீட்டாரின் கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் அங்கிருந்துதான் வெளிவந்தன. "சாம்பார்ல மரத்தூள் கெடக்கு" என்பார் அப்பா. "நார்ச்சத்துதான், சாப்பிடுங்க" என்பார் அம்மா.

என் மகனுக்கு மூச்சிரைப்பு உண்டு. குளிர் தொடங்கி ஊர் முழுவதும் புகை மூட்டமாகும் மாதங்களில் நான் ஜன்னலைச் சாத்துவேன், திறப்பேன், மறுபடி சாத்துவேன். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்படி ஒரு நாள், மூன்று பக்கமும் புல் தட்டி வைத்து, மூலையில் துணி போர்த்தியிருந்த ஏர் கூலரையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இங்க பாரேன்! இது மூணு பக்கமும் காத்த இழுத்து முன்னாடி தள்ளுது. புல்லு இருக்க எடத்துல ஃபில்டர வச்சா என்ன?"

அந்த வாரமே பேரனின் அறைக்கு ஒரு சிறிய பெட்டி தயாராகிவிட்டது. சுற்றிலும் ஃபில்டர், மேலே எக்ஸாஸ்ட் ஃபேன். எனக்கோ ஆயிரம் கேள்விகள். ஷாக் அடிக்குமா? கடையிலேயே ஒன்று வாங்கியிருக்கலாமோ? அம்மா கோபப்படவில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி என் கையில் கொடுத்தார். "மூலைக்கு மூல காட்டு. புகை எங்க உள்ள நுழையுதோ அங்க ஓட்டை" என்றார். இரண்டு ஓட்டைகளை நான்தான் கண்டுபிடித்தேன். "அச்சா! ஒன் சந்தேகத்துக்கும் ஒரு வேலை கெடைச்சிருச்சு" என்று டேப் ஒட்டினார். உடனே ஹாலுக்கும் பெரிதாக ஒன்று செய்ய மரச்சட்டம் அறுக்கத் தொடங்கினார். சட்டம் முடிந்தது. பெட்டி முடியும் முன் மாரடைப்பு வந்தது. மருத்துவமனையில்கூட தம்பியிடம், "ஃபேன் வாங்கிட்டியா?" என்றுதான் கேட்டார்.

ஓராண்டு ஆகிறது. திதியை வீட்டிலேயே வைக்க வேண்டும், படத்துக்குச் சாம்பிராணி போட வேண்டும் என்றார் அப்பா. இந்தக் காற்றில் சாம்பிராணியுமா என்று நான் பயந்தேன். குழந்தையை அன்று நாத்தனார் வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றேன்.

"பேரன் இல்லாம அவளுக்கு என்ன திதி?" என்றார் அப்பா. நான் சொன்னது தவறா, கடமையா என்று அன்று முழுவதும் குழம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த விடுமுறை நாளில் தம்பி அந்தச் சட்டத்தைத் தூக்கி வந்து ஹால் நடுவில் வைத்தான். நான் ஃபில்டர்களைப் பொருத்தினேன், அவன் ஃபேனை மாட்டினான். மகனை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஊதுபத்தியைக் காட்டினேன். புகை உள்ளே போகாமல் என் முகத்துக்கே திரும்பி வந்தது. அப்பா எழுந்து வந்து பார்த்தார்.

"டேய், கூலர் முன்னாடியே உக்காந்து வளந்த பய, காத்து எங்கிட்டு போகணும்னு தெரியலயா? ஃபேன தலைகீழா மாட்டியிருக்கடா, இஞ்சினியரு!"

ஓராண்டில் அப்பா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். ஃபேனைத் திருப்பி மாட்டினோம். டேப் ஒட்டினோம். சோதித்துப் பார்க்க அப்பாவே கரண்டியில் கங்கு எடுத்து வந்து சாம்பிராணி போட்டார். புகை நேராக எழும்பியது, தயங்கியது, பிறகு சாய்ந்து பெட்டியை நோக்கிப் போகத் தொடங்கியது. நாங்கள் மூவரும் கத்திய கத்தலில் கீழ்வீட்டுப் பெண் "க்யா ஹுவா?" என்று பதறி ஓடி வந்தார். தம்பி அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து புகையைக் காட்டினான். "அரே வாஹ், ஆன்ட்டிஜி!" என்று அம்மாவின் படத்தைப் பார்த்து அவரும் கைதட்டினார்.

திதியன்று மகனும் கூட இருக்கலாமா என்று மருத்துவரிடமும் கேட்டுவிட்டேன். கொஞ்சமாகப் போடுங்கள், குழந்தை தள்ளி இருக்கட்டும், இன்ஹேலர் கையில் இருக்கட்டும், இருமினால் உடனே வெளியே கொண்டுபோங்கள் என்றார்.

அம்மாவின் கடைசி நாட்களில் உடனிருந்த செவிலியர்களுக்கும், திருமங்கலத்திலிருந்து ஓடி வந்த மாமாவுக்கும், மத்தியானத் தூக்கத்தில் டிரில் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், ஒற்றை ஸ்க்ரூ கேட்டாலும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்த ஹார்டுவேர் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று திதிக்கு வந்து இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஹாலில் சோபா ஓரமாக நிற்கும் பெட்டியின் மேல் காபி டம்ளரோ தட்டோ வைத்துவிட வேண்டாம். அதன் வழியாகத்தான் காற்று வெளியே வருகிறது. சற்று நேரத்தில் அப்பா சாம்பிராணி போடுவார். என் மகன் வாசற்கதவுப் பக்கம் என் மடியில் இருப்பான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருப்பேன். புகை எந்தப் பக்கம் போகிறது என்று எனக்காக நீங்கள் பாருங்கள்.