எட்டு எழுத்தில் ஒரு கிடார்

1. மாவட்டம் புதிதாகப் பிரிந்தது. அப்பாவுக்கு ஆட்சியர் அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலுக்குக் குடிவந்தோம்.

2. அண்ணனுக்கு ஒரு எலெக்ட்ரிக் கிடார் கிடைத்தது.

3. திருவண்ணாமலை இன்னிசைக் குழு ஒன்றில் அவன் சேர்ந்தான்.

4. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன்.

5. குழுவுக்குக் கீபோர்டு வந்தது. முதலில் டிரம்ஸ்காரர் போனார். பிறகு பேஸ் கிடார்காரர் போனார்.

6. அண்ணனுடைய கிடார் ஒலியை அந்தக் கீபோர்டுக்குள் ஏற்றித் தரும்படி குழுவின் தலைவர் என்னிடம் கேட்டார்.

7. அண்ணன் சரி என்றான்.

வரிசை சரியாகத்தான் இருக்கிறது. எனக்கு விளங்காமல் இருப்பது ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் உள்ள இடம். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கிடாரைக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர். அண்ணன் அப்போது செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், ஒரு வாடகை சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். அங்கே மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும்போது பையில் அடங்காதவற்றை விட்டுவிட்டுப் போவார்கள். கொசுவலை, மண்ணெண்ணெய் ஸ்டவ், கனமான செருப்பு, கேசட். அப்படித்தான் கேசட்டுகள் முதலில் வந்தன. நீளமுடிக்காரர்கள் அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கும் ராக், மெட்டல் கேசட்டுகள். கடைசியாகக் கிடார் வந்தது.

“மெட்டல்னா இன்னாடா? அலுமினியமா, எவர்சில்வரா?” என்று அம்மா கேட்டாள்.

“இரும்பும்மா,” என்றான் அண்ணன்.

அவனிடம் அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபையர் கிடையாது. கட்சிக் கூட்டத்துக்கு மைக் செட் போடுகிறவரிடமிருந்து பழைய பெட்டி ஒன்றை வாங்கி, அதில் கிடாரைச் சொருகி, சத்தத்தை முழுக்கத் திருப்பிவிடுவான். பேச்சுக்காகச் செய்த பெட்டி அந்த வேகத்தைத் தாங்காமல் கரகரவென்று கிழியும். அந்தக் கிழிசல்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே மல்லாட்டை உடைக்கும் மெஷின் ஒன்று இருந்தது. அறுவடை முடிந்தால் பகல் முழுக்க ஓடும். அண்ணன் வாசிப்பதை முதல்முறை கேட்டதும் அம்மா சொன்னாள்: “அந்த மெஷினுக்குப் பயந்துதான் ஊர விட்டு வந்தோம். இவன் வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டான்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு மல்லாட்டை என்றே பெயர். “மல்லாட்ட போதும், சாப்பிட வா.” “அப்பா தூங்கறாரு, மல்லாட்டைய கம்மி பண்ணு.” அண்ணனும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டான்.

நான் பாலிடெக்னிக் போன இரண்டாம் வருடம் ‘டிஸ்டார்ஷன்’ பாடமாக வந்தது. ஆம்ப்ளிஃபையரால் தாங்க முடிந்ததைவிட அதிகம் கொடுத்தால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அது ஒரு குறைபாடு. அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் பரீட்சைக் கேள்வி. புத்தகத்தில் இருந்த படத்தை அண்ணனிடம் காட்டினேன். வெட்டுப்பட்ட தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதக் குறைக்கறதுக்கா உனக்கு மார்க் போடறாங்க?” என்றான்.

எனக்கு அவன் இசை பிடிக்காமல் இல்லை. ஆனால் என்னை இழுத்தது வேறு. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் கேசட் கடைகளைக் கடந்துபோகும்போது சிவன் பாட்டுக்கு அடியில் ஒரு இயந்திரத் தாளம் ஓடும். சோர்வு இல்லை, வேர்வை இல்லை, ஒரு அடிகூடப் பிசகாது. கூட வருகிறவர்கள் பாட்டை முணுமுணுப்பார்கள். நான் அந்தத் தாளத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நடப்பேன். ஆய்வகத்தில் நானே ஒரு சின்ன மின்சுற்று செய்து ‘பீப்’ சத்தங்களை வைத்து ஒரு மெட்டை ஓடவிட்டபோது, எனக்கு வந்த சந்தோஷம் அண்ணனுடைய சந்தோஷத்துக்குக் குறைந்தது இல்லை.

இதை வைத்து எங்களுக்குள் சண்டை வரும்.

“அது மெஷின், பாப்பா. யாருமே வாசிக்கல.”

“உன்னோடதும் கரண்ட்லதாண்ணா ஓடுது. கரண்ட் போச்சுனா உன் மல்லாட்டையும் அவ்ளோதான்.”

சொல்லி வைத்தாற்போல் ஒருநாள் சாயங்காலம் அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. நான் சிரித்தேன். அவன் நிறுத்தவில்லை. பெட்டி செத்துப்போன பிறகு கம்பியின் சத்தம் மட்டும் கேட்டது. கொசு பறப்பது போல அவ்வளவு மெலிசு. அடுத்த அறைக்குக்கூடப் போகாது. “பாத்தியா, இருக்குது இல்ல?” என்றான்.

குழுவில் அவனுக்கு நல்ல பெயர் இருந்தது. ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள், கார்த்திகையில் தீபத்தை ஒட்டிய மேடைகள், நடுவில் கல்யாண வரவேற்புகள். முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு. அதில் கிடாருக்கு வேலை இல்லை, ஓரமாக நிற்பான். ஏழெட்டுப் பாட்டு கழித்து ஒரு குத்துப்பாட்டின் நடுவில் அவனுக்கென்று கொஞ்ச இடம் விடுவார்கள். அந்த இடத்தில் மல்லாட்டையை எடுத்துவிடுவான். பையன்கள் நாற்காலி மேல் ஏறுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு மேடைப் பக்கம் கையை ஆட்டுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அவன் மற்ற நேரம் முழுக்க மற்றவர்களுக்கு வாசித்தான் என்று நினைக்கிறேன்.

கீபோர்டு வந்த பிறகு அந்த இடம் சுருங்கியது. பேஸ் கிடார்காரர் போன அன்று அண்ணன் வீட்டுக்கு வந்து, “அடுத்தது நான்தான்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டான்.

குழுத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆண் குரல் பாட்டெல்லாம் அவர்தான் பாடுவார். கெட்ட மனிதர் இல்லை. அம்மா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“தங்கச்சி, நீ இதெல்லாம் படிச்ச பொண்ணு. வெளிச் சத்தத்த கீபோர்டுக்குள்ள ஏத்தலாம்னு அதோட புக்குல போட்டிருக்கான். தம்பியோட கிடார ஒவ்வொரு சுரமா ஏத்திக் குடுத்துட்டீனா, கீபோர்டுக்காரனே வாசிச்சுக்குவான். அந்தப் பழைய பெட்டியத் தூக்கிக்கினு திரிய வேணாம். சத்தம் ஜாஸ்தின்னு ஊர்க்காரங்ககிட்ட திட்டும் வாங்க வேணாம்.”

“அப்ப அண்ணன்?”

“அவன எங்க அனுப்பப் போறேன்? மேடையில கிடார் தெரியணும்மா. ஜனங்க கேப்பாங்க இல்ல? சேப்புச் சட்டை போட்டுக்கினு முன்னால நிக்கட்டும், கைய ஆட்டட்டும். ஒயரு மட்டும் சொருக வேணாம்.”

“ஷாக் அடிக்காதுன்னா நல்லதுதான,” என்றாள் உள்ளேயிருந்து அம்மா.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் டம்ளரின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

என்னால் செய்ய முடியும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எப்படிச் செய்வது என்றுகூட மனதுக்குள் வரிசை போட்டுவிட்டேன். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. “உன் இஷ்டம்ணா, நீ வேணாம்னா நான் தொட மாட்டேன்,” என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் அவன் செங்கம் சாலைக்குப் போயிருந்தான். சைக்கிள் கடையை விட்டு எத்தனையோ நாளாகியும் புதுக் கேசட் கிடைக்குமா என்று பார்க்க அவ்வப்போது போவான். ஒரு காபிக் கடையில் அவன் வயதே இருக்கும் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் காதில் ஹெட்போனோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தானாம். கோவாவிலிருந்து நேராக வந்தவன். அண்ணன் வாங்கிக் கேட்டிருக்கிறான். பாடுகிறவர் இல்லை, கிடார் இல்லை, ஒரே தாளம் முடிவே இல்லாமல் போனது. ராக் கேசட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு அந்தப் பையன் சிரித்திருக்கிறான்.

“அது அவங்கப்பா கேக்கற பாட்டாம்,” என்றான் அண்ணன், வீட்டுக்கு வந்து.

“நான் எங்கடா கேட்டேன்?” என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி.

அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். அண்ணனும் கொஞ்சம் சிரித்தான். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, “ஏத்திக்க பாப்பா,” என்றான்.

அந்த வெள்ளைக்காரப் பையன் சொன்னதுதான் காரணமா? அப்படி எழுதினால் கதை சரியாக வரும். ஆனால் வேலூரிலும் சென்னையிலும் இன்னும் கிடார் வாசிக்கும் ஆட்கள் இருந்தார்கள். அது அவனுக்கும் தெரியும். ராக் செத்துவிட்டது என்று அவன் நம்பினானா, நம்மூரில் அது பிறக்கவே இல்லை என்று நினைத்தானா, இல்லை சும்மா களைத்துப் போயிருந்தானா? கேட்டிருக்கலாம். நான் கேட்டது, “மதியானம் பண்ணலாமா?” என்று மட்டும்தான்.

தலைவர் கீபோர்டையும் ஒரு மைக்கையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மின்விசிறிச் சத்தம் மைக்கில் ஏறும் என்று அதை நிறுத்தினோம். ஜன்னலை மூடினோம். பாத்திரத்தைத் தொட வேண்டாம் என்று அம்மாவை முன்னறையில் உட்கார வைத்தோம். அவன் ஒரு சுரத்தை வாசிப்பான், அது அடங்கும்வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம், நான் தலையசைத்தால் அடுத்தது. அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இவ்வளவு சுத்தமாக அவன் வாசித்து நான் கேட்டதில்லை. ஒரு சுரத்துக்கு மேல் இன்னொன்று இல்லை, பாட்டு இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுப்பது போல இருந்தது.

பிறகு ஒவ்வொன்றின் தலையையும் வாலையும் வெட்டினேன். ஒரு இடத்தில் அவன் விரல் கம்பியில் இழுபட்டுக் கீச்சென்றது.

“அத ஏன் வெட்டற?”

“அது சுரம் இல்லண்ணா. சும்மா சத்தம்.”

“நான் வாசிக்கறதுல பாதி அதான்.”

அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். பின்னால் கீபோர்டுக்காரர் ஒத்திகையில் அந்தக் கட்டையைத் தொட்டபோதெல்லாம் அதே கீச் அதே இடத்தில் வந்தது. “இன்னாம்மா இது, ஒரே பூனை ஒரே மாதிரி கத்துது?” என்றார். அவர் சொன்னதும் சரிதான். எடுத்துவிட்டேன்.

பிளாப்பித் தட்டில் சேமிக்கக் கீபோர்டு ஒரு பெயர் கேட்டது. “மல்லாட்டைனு போடு,” என்றான் அண்ணன். ஆங்கில எழுத்தில் அடித்தேன். எட்டு எழுத்துக்கு மேல் அது ஏற்காது. கடைசி எழுத்து விழுந்து ‘மல்லாட்ட’ என்று நின்றது. வீட்டில் நாங்கள் வாயால் சொல்வது அப்படித்தான். “பரவால்ல, நம்ம பாஷைதான் பேசுது,” என்றான்.

குழுத் தலைவர் வந்து கேட்டுவிட்டு அவன் தோளைத் தட்டினார். அடுத்த வாரம் கச்சேரி, சட்டை தைக்க அளவு கொடு என்றார்.

“சத்தத்த எடுத்துக்குங்கண்ணே. ஆளு வேணாம்.”

“ஏன் தம்பி? ஒருத்தனும் கண்டுபுடிக்க மாட்டான்டா.”

“அதாண்ணே பயமா இருக்குது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் பிளாப்பியை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஆடியில் வேங்கிக்கால் பக்கத்து அம்மன் கோயிலில் அவர்கள் கச்சேரி. பொழுது சாயும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். குழாய் ஒலிபெருக்கி எங்கள் தெருமுனை வரை கட்டியிருந்தது. நாங்கள் யாரும் போகவில்லை. அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். குத்துப்பாட்டு வந்தது. நடுவில் அந்த இடம் வந்தது. அரைப்பதை நிறுத்தினேன். சத்தம் நன்றாக இருந்தது. நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. ஊர்ப் பையன்கள் விசிலடிப்பதும் கேட்டது.

அம்மா கரண்டியோடு நின்று கேட்டாள். “உங்கண்ணன் இன்னிக்கு நல்லா வாசிக்கறான், இல்ல?” என்றாள். அவன் குழுவை விட்டு நின்றுவிட்டது அவளுக்குத் தெரியும். அந்த ஒரு கணம் மறந்துவிட்டாள்.

பின்பக்கக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் அப்போதுதான் உள்ளே வந்தான். அம்மா அவனைப் பார்த்தாள், தெருப் பக்கம் பார்த்தாள்.

“நீ இங்க இருக்கற. அங்க யாருடா?”

“அங்கயும் நான்தாம்மா,” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

அடுத்த தோசை கருகியது.

இப்போதைய நிலைமை இது. அண்ணன் வேங்கிக்காலில் செல்போன் கடை வைத்திருக்கிறான். வருகிறவர்களுக்கு ரிங்டோன் ஏற்றித் தருகிறான். நான் சென்னையில் ஒரு கம்பெனியில் ஒலிக்கருவிகளுக்கான சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கிறேன். டிஸ்டார்ஷன் அளவு அதிகமாக இருந்தால் திருப்பி அனுப்புவது என் வேலை. குழு இன்னும் கச்சேரி செய்கிறது. அவர்கள் வாங்கிய புதுக் கீபோர்டில் பிளாப்பி நுழைய இடம் இல்லை. அதிலேயே கிடார் ஒலி வகைவகையாக இருக்கிறது. பழையதை இதில் ஏற்ற முடியுமா என்று தலைவர் ஒருமுறை போனில் கேட்டார். பார்க்கிறேன் என்றேன். பழைய கீபோர்டு போனபோது நான் வாங்கிக்கொண்ட பிளாப்பி என்னிடம்தான் இருக்கிறது, படிக்க இயந்திரம் இல்லை. கிடார் வேங்கிக்கால் வீட்டில் பீரோ மேல் இருக்கிறது. அதில் ஒரு கம்பி இல்லை. போன முறை ஊருக்குப் போனபோது புதுக் கம்பி வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் அதை வாங்கி வைத்துக்கொண்டான். இன்னும் மாட்டவில்லை.