பாவா காற்றிறக்கிய பேட்டரி

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பள்ளிப்பட்டில் நிலம் இருக்கிறது, பம்புசெட் இருக்கிறது, உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் ஓர் அபிப்பிராயமும் இருக்கிறது. நாங்கள் அவரைப் பாவா என்போம். கிருத்திகைக்குச் சாமி பார்க்கத் திருத்தணிக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவார். போன ஆடிக்கு வந்தவர், செருப்பைக் கழற்றியதும் பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்டார்.

அவருடைய செல்போனைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. பின்மூடி ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. முழுக்கத் திறந்துகொள்ளாமலிருக்க ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

“பாவா, பேட்டரி உப்பிகினு இருக்குது. சார்ஜ் போடாதீங்க. கடையில குடுத்து மாத்திடலாம்.”

“அது ஒண்ணுமில்ல மச்சான். மோட்டார் கொட்டாய் மேல வெயில்ல வெச்சுட்டேன். தானா வத்திடும்.”

வற்றுவதற்கு அது என்ன பல் வீக்கமா என்று நான் கேட்கவில்லை. அக்காவைக் கட்டியவரிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவர் சார்ஜரை மாட்டி, போனைத் தலையணைக்கு அடியில் செருகி, அதன்மேல் தலையை வைத்துப் படுத்தார். திருட்டுப் போகாமலிருக்க அந்த ஏற்பாடாம். வீட்டில் இருந்ததோ நானும் என் மனைவியும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகான அந்தத் தூக்கம் நீடிக்கவில்லை. தலையணை சுடுகிறது என்று எழுந்து உட்கார்ந்தார். என் மனைவி ஓடிப்போய் சுவிட்சை அணைத்து சார்ஜரைப் பிடுங்கினாள். ரப்பர் பேண்டு அறுந்து கிடந்தது. பிளந்த மூடிக்குள்ளே பேட்டரி, எண்ணெயில் போட்ட பூரியைப் போல எழும்பியிருந்தது.

பாவா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உள்ள காத்து ரொம்பிகினு கீது. எடுத்துட்டா சரியாயிடும். ஒரு ஊக்கு குடும்மா.”

“வாணாண்ணா! குத்தினா நெருப்பு புடிச்சுக்கும்.”

“எத்தினி டியூபுக்குக் காத்து எறக்கியிருப்பேன், எனக்குத் தெரியாதா?”

ஊக்கு இல்லை என்று அவள் சாதித்தாள். ஆனால் பாவாவின் அரைஞாண் கயிற்றிலேயே ஒன்று தொங்கியது. நான் தடுப்பதற்குள் அவர் பின்பக்கத்துத் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்து குத்திவிட்டார்.

உஸ்ஸென்று சத்தம் வந்தது. “பாத்தியா, எறங்குது!” என்று பெருமையாக நிமிர்ந்தார். அந்தப் பெருமை முகத்தில் பரவி முடிவதற்குள் புகை கிளம்பியது, பிறகு நெருப்பு. “ஐயோ நைனா!” என்று அலறிப் போனை வீசினார். அது, வந்ததும் குளித்துவிட்டு அவர் கொடியில் காயப்போட்டிருந்த பொதட்டூர்பேட்டைப் புது லுங்கியில் பட்டு, ஓட்டை போட்டுவிட்டுத் தரையில் விழுந்தது. பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை நான் சட்டியில் அள்ளி அள்ளி அதன்மேல் கொட்டினேன். பாவாவின் சுட்ட விரல்களை என் மனைவி குழாயைத் திறந்து தண்ணீரில் பிடித்தாள். விரல் நுனிகள் சிவந்திருந்தன. நல்லவேளை, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பெரிய உடம்பு குழந்தையைப் போல நடுங்கியதைப் பார்த்ததும், சிரிக்கலாம் என்றிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“மச்சான், உங்க அக்காவுக்குத் தெரிய வாணாம்” என்றார் மெதுவாக.

அதே நேரத்தில் என் போன் அடித்தது. அக்காதான். அவரிடமே நீட்டினேன். அவர் அலோ என்றதும் அக்கா போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

“எத்தினி வாட்டி அடிக்கிறேன், உன் போன் ஏன் போவல?”

பாவா புகைந்துகொண்டிருந்த மணல் குவியலைப் பார்த்தார். “சார்ஜ் இல்ல” என்றார்.

 அக்காவின் குரல் இறங்கி வந்தது. “எங்க சுட்டுக்கினே?”

பாவா போனை என் கையில் திணித்துவிட்டு, விரல்களை மறுபடி குழாயடியில் நீட்டினார்.