உட்காரச் சொன்ன முதலாளி

அவர் அரியலூர் அரிசி மில்லில் நெல் அவிப்பவர். ஆவியில் வெளுத்துச் சுருங்கிய விரல்கள். யாரிடம் பேசினாலும் தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வார். காலையில் செந்துறை பஸ்ஸில் என் இருக்கையருகே நின்றபடி கேட்டார்:

“இன்னிக்கு மொதலாளிகிட்ட சம்பளம் ஒசத்திக் கேக்கப் போறேங்க. நாளொண்ணுக்கு முப்பது ரூவா கூடக் கேக்கலாங்களா?”

“அம்பதாக் கேளுங்க. கொறைச்சாலும் முப்பது நிக்கும்,” என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

சாயங்காலமும் அதே பஸ்ஸில் வந்தார்.

“கேட்டீங்களா?”

“இல்லீங்க. இத்தனை வருசத்துல இல்லாம, நாக்காலியக் காட்டி ஒக்காருன்னுட்டாரு. அவருக்கு எதுத்தாப்புல ஒக்காந்துக்கிட்டு எப்படிங்க காசு கேக்கறது?” தலை நிமிரவே இல்லை.

காலையிலும் என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது அவரை உட்காரச் சொல்ல வாய் வரவில்லை.